சேலத்திலும் ஏற்காட்டிலும் வீட்டுக் குழாய் அடைத்தால்: எங்கே அடைப்பு, என்ன அடைப்பு

சிங்க்கில் தண்ணீர் தேங்கியதும் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பவுடர் வாங்கிக் கொட்டுவதுதான் பல வீடுகளில் முதல் வேலை. சில நேரம் திறந்துகொள்ளும். பல நேரம் மூன்றே நாளில் பழைய கதை. கஞ்சியும் எண்ணெயும் சேர்ந்த அடைப்புக்கு ஒரு வழி, தலைமுடியும் அரப்பும் சேர்ந்ததற்கு வேறு வழி, போர் தண்ணீர் கட்டிய உப்புக்கு இன்னொன்று. தெருச் சாக்கடை மட்டம் உயர்ந்து தண்ணீர் திரும்பி வருகிறது என்றால் எந்தப் பவுடரும் உதவாது. அதனால் கையில் எதையும் எடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்: அடைப்பு எங்கே? அடைத்திருப்பது எது?

எங்கே என்று கண்டுபிடிப்பது

வீட்டில் உள்ள எல்லா இடங்களிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரே ஒரு சிங்க் மட்டும் மெதுவாக இறங்கினால், அடைப்பு அதன் அடியிலுள்ள ட்ராப்பிலோ (நாற்றம் ஏறாமல் தடுக்கக் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பகுதி) சுவருக்குள் போகும் முதல் இரண்டு மூன்று அடிக்குள்ளோ இருக்கும். குளியலறையும் சமையலறையும் சேர்ந்தே மெதுவாக இறங்கினால், இரண்டும் சேரும் இடத்துக்கு அப்பால் தேட வேண்டும். மாடியில் தண்ணீர் விட்டால் கீழ்வீட்டுக் குளியலறைத் தரையிலுள்ள ஜாலி (துளையுள்ள மூடி) வழியாக அது பொங்குகிறதா? அடைப்பு வெளியே, மெயின் லைனில். கீழ்த்தளத்து ஜாலிதான் அந்த லைனிலேயே தாழ்வான வாய். முதலில் பொங்குவது அதுதான்.

அடுத்துச் சேம்பர் மூடியை, அதாவது வெளியே கழிவுக் குழாய்கள் சேரும் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். பலர் தவிர்ப்பது இந்த வேலையைத்தான், ஆனால் இதைவிடத் தெளிவாக விடை சொல்லும் சோதனை வேறில்லை. சேம்பரில் தண்ணீர் நிரம்பி நின்றால் அடைப்பு அதற்குக் கீழே, செப்டிக் டேங்க் அல்லது தெரு பக்கம். சேம்பர் காலியாக இருந்து வீட்டுக்குள் தண்ணீர் தேங்கினால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். இரண்டு மூன்று சேம்பர் இருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போங்கள். நிரம்பிய கடைசிச் சேம்பருக்கும் காலியான முதல் சேம்பருக்கும் இடையில் இருக்கிறது அடைப்பு. காங்கிரீட் மூடியைத் தனியாளாகத் தூக்க வேண்டாம். கடப்பாரையால் ஒரு ஓரம் நெம்பி, அடியில் கல் கொடுத்து, இருவராக நகர்த்துங்கள். திறந்ததும் குனியாமல் பத்து நிமிடம் காற்றோட விடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது.

தண்ணீர் நன்றாக இறங்குகிறது, ஆனால் நாற்றம் மட்டும் வருகிறது என்றால் அது அடைப்பே இல்லை. ட்ராப்பில் நிற்க வேண்டிய இரண்டு அங்குலத் தண்ணீர் வற்றியிருக்கும், அல்லது குளியலறை ஜாலிக்கு உள்ளே இருக்கும் கப்பை யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். தண்ணீர் இறங்கும்போது கடகடவென்று சத்தம் வந்தால் வென்ட் பைப்பை, அதாவது லைனுக்குக் காற்று விடும் பைப்பைப் பாருங்கள். மொட்டைமாடியில் அதன் வாயில் வலை இல்லாவிட்டால் குருவிக் கூடும் இலையும் சேர்ந்திருக்கும்.

எது என்று கண்டுபிடிப்பது

வளைத்த கம்பியால் அடைப்பிலிருந்து ஒரு துளி கசடை வெளியே எடுங்கள். சுண்டைக்காய் அளவு போதும். அதை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் ஒரு சோதனைக்கு வையுங்கள்.

ஒரு துண்டைச் சுடுதண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். உருகி மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் கொழுப்பு. இரண்டாவது துண்டின் மேல் வினிகரோ, லெமன் சால்ட் (சிட்ரிக் அமிலம்) கரைத்த தண்ணீரோ விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் உப்புப் படிவு. மூன்றாவது துண்டில் காயத்துக்குப் போடும் பீட்டாடின் ஒரு சொட்டு. கருநீலமாக மாறினால் மாவுச்சத்து, அதாவது கஞ்சி, இட்லி மாவு, ஜவ்வரிசி. மூன்றிலும் ஒன்றும் நடக்கவில்லை, நார்நாராக இருக்கிறது என்றால் முடி; கையில் நெருடினால் மணல், சிமெண்ட் அல்லது காபிச் சக்கை.

சேலத்துக்கென்று இன்னொரு வகை உண்டு. சாம்பல் நிறத்தில், மெழுகு மாதிரி வழவழப்பாக, சுடுதண்ணீருக்கும் கரையாமல் ஒட்டியிருக்கும். இது சோப்பும் கடின நீரும் சேர்ந்து உண்டானது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத கசடாகத் திரிந்துவிடும். சேர்வராயன் மலை அடிவாரத்தில் மேக்னசைட் கிடைக்கும் ஊர் இது. மேக்னசைட் என்பது மக்னீசியம் கார்பனேட். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூர்த் தண்ணீரில் குளிக்கும் வீட்டைவிட, போர் தண்ணீரில் குளிக்கும் வீட்டில் குளியலறைக் குழாய் சீக்கிரம் சுருங்குவதற்கு இதுதான் காரணம்.

எதற்கு எது வேலை செய்யும்

கடைப் பவுடரில் இருக்கும் காஸ்டிக் சோடா கொழுப்பைக் கரைக்கும், முடியை ஓரளவு சிதைக்கும். உப்புப் படிவு, மணல், சிமெண்ட், காபிச் சக்கை ஆகியவற்றிடம் அதன் பாச்சா பலிக்காது. ஆசிட் உப்புப் படிவைக் கரைக்கும். கொழுப்பை ஒன்றும் செய்யாது. ஆனால் மொசைக், மார்பிள், சிமெண்ட் ஜாயின்ட், குரோம் பூச்சு எல்லாவற்றையும் அரித்துவிடும். அதனால் வீட்டுக்குள் ஆசிட் வேண்டாம். அந்த இடத்துக்கு லெமன் சால்ட் போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் கரைத்து, இரவு படுக்கப் போகும்போது ஜாலியில் ஊற்றி, காலையில் பிரஷ் போட்டுத் தேயுங்கள். மார்பிள் தரையில் இதையும் சிந்த விடக் கூடாது.

சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்து ஊற்றும் வீடியோக்கள் ஏராளம். நுரை பார்க்க அழகாக இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்து, மிஞ்சுவது லேசான உப்புத் தண்ணீர்தான். வினிகரைத் தனியாக விட்டால் உப்புப் படிவிலாவது கொஞ்சம் வேலை செய்யும்.

கொதிக்கும் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். பிவிசி பைப் 60 டிகிரிக்கு மேல் மெல்ல இளக ஆரம்பிக்கும். ஜாயின்ட் விலகும், தொங்கும் பைப் வளையும். கொதித்த தண்ணீர் ஒரு பங்குக்குப் பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் கிட்டத்தட்ட அந்த 60 டிகிரி வரும். கொழுப்புக்கு அந்தச் சூடு தாராளம்.

சிங்க்கைத் திறப்பது

சிங்க்குக்கு அடியில் கோப்பை மாதிரி தொங்குவது பாட்டில் ட்ராப். சமையலறை அடைப்புகளில் பெரும்பகுதி இதற்குள்தான் இருக்கும். பவுடருக்கு முன்னால் இதைக் கழற்றுங்கள்.

1. அடியில் வாளி வையுங்கள். கழற்றியதும் கைவாக்கில் மேலே குழாயைத் திறந்து கை கழுவும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, அதனால் குழாயை இறுக்கி மூடி அதன்மேல் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள்.

2. கோப்பையைக் கீழிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகத் திருகுங்கள். கையால் வரவில்லை என்றால் துணி சுற்றி வாட்டர் பம்ப் பிளையரால் லேசாகத் திருகுங்கள். வெறும் பிளையர் பிளாஸ்டிக்கை நசுக்கிவிடும்.

3. உள்ளே உள்ள வாஷர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு போட்டோ எடுங்கள். திரும்ப மாட்டும்போது ஒழுகுவதற்குப் பாதிக் காரணம் வாஷர் தலைகீழாகப் போவது.

4. கோப்பையைக் கழுவுங்கள். ட்ராப்பிலிருந்து சுவருக்குப் போகும் பைப்பில் விரல் விட்டுப் பாருங்கள். அங்கேயும் கெட்டியாக இருந்தால் 6 எம்எம் தடிமனில் மூன்று மீட்டர் ஸ்பிரிங் கம்பி தேவைப்படும்.

5. மாட்டும்போது கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. அவ்வளவுதான். பிறகு சிங்க்கை முழுக்க நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, அடியில் செய்தித்தாளை விரித்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஒரு சொட்டு ஈரம்கூடத் தாளில் தெரியும்.

பாட்டில் ட்ராப்புக்குப் பதில் மடிப்பு மடிப்பான நெளி பைப் போட்டிருந்தால் கழுவிப் பயனில்லை. ஒவ்வொரு மடிப்பும் கஞ்சியையும் எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நடுவில் தொய்ந்தால் அதுவே குட்டிச் செப்டிக் டேங்க். அதைக் கழற்றிவிட்டு உள்பக்கம் வழவழப்பான ட்ராப்பும் 40 எம்எம் பைப்பும் போடுங்கள்.

பம்ப் அடிக்கும் முறை

ரப்பர் பிளஞ்சரைப் பம்ப் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அதன் விளிம்பு மூழ்கும் அளவுக்கு, குறைந்தது இரண்டு அங்குலம், தண்ணீர் நிற்க வேண்டும். காற்றை அழுத்தினால் காற்று சுருங்கும், அடைப்பு அசையாது. முதல் அழுத்தை மெதுவாகக் கொடுத்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு பதினைந்து இருபது முறை வேகமாக. அழுத்துவதைவிட இழுப்பதுதான் பல அடைப்புகளைத் தளர்த்தும். ஆகவே இழுப்பிலும் அதே வேகம் இருக்கட்டும்.

இரட்டைச் சிங்க் என்றால் மற்ற துளையை ஈரத்துணியால் அடைத்து ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். வாஷ்பேசினில் மேலே உள்ள சின்ன ஓவர்ஃப்ளோ துளையையும் அப்படியே. இதை மறந்துவிட்டு "பம்ப் அடிச்சும் போகல" என்பவர்கள் அதிகம். முன்பே பவுடர் கொட்டியிருந்தால் பம்ப் அடிக்கவே கூடாது. காஸ்டிக் தண்ணீர் முகத்தில் தெறித்தால் கண் போகும்.

குளியலறை ஜாலி

தரையில் உள்ள ஜாலியை நெம்பி எடுத்தால் கீழே நஹானி ட்ராப். அதற்குள் கவிழ்த்து வைத்த கப் ஒன்று இருக்கும். அந்தக் கப்பைத் தூக்குங்கள். செவ்வாய் வெள்ளி எண்ணெய்க் குளியல் உள்ள வீட்டில் இங்கே கிடைப்பது எல்லாம் ஒன்று சேர்ந்த பந்து: முடியின் மேல் எண்ணெய், எண்ணெயின் மேல் அரப்பும் சீயக்காயும், எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டும் சோப்புக் கசடு. அரப்புத் தூளும் சீயக்காய்த் தூளும் தண்ணீரில் கரைவதில்லை. அடியில் படிந்து சேறாகும்.

கையுறை போட்டு, கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, முடியை இழுத்து எடுங்கள். துண்டுதுண்டாக வெட்டித் தள்ளக் கூடாது. தள்ளியது அடுத்த எல்போவில் போய் உட்காரும். பிறகு ட்ராப்பின் சுவரைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, கோப்பையால் சேற்றை அள்ளி வெளியே போடுங்கள். கடைசியில் ஒரு வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். கப்பை மறக்காமல் திரும்ப வையுங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாகத்தான் இறங்கும். கூடவே கரப்பான்பூச்சியும் நாற்றமும் மேலே ஏறி வரும்.

வாஷிங் மெஷின் குழாய் இதே ஜாலியில் விழுந்தால், குழாய் முனையில் ஒரு பழைய காலுறையைக் கட்டுங்கள். துணி நூல் அதில் நிற்கும். வாரம் ஒருமுறை கழற்றி உதறினால் போதும்.

காஸ்டிக் போட்டே ஆக வேண்டுமென்றால்

கொழுப்பு அடைப்பு, ட்ராப்புக்கு அப்பால், ஸ்பிரிங் கம்பியும் எட்டவில்லை. இந்த நிலைக்குத்தான் காஸ்டிக். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். தேங்கிய தண்ணீரை முதலில் கோப்பையால் இறைத்து வெளியேற்றுங்கள். பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு மேல் போட வேண்டாம். அதிகமானால் கரையாமல் உள்ளேயே கல்லாக இறுகிக் கொள்ளும், அதைப் பைப்போடு வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஊற்றுவது பச்சைத் தண்ணீராக இருக்கட்டும். காஸ்டிக் தண்ணீர் பட்டதுமே தானாகக் கொதிக்கும். சுடுதண்ணீர் விட்டால் சீறித் தெறிக்கும். முகத்தைத் திருப்பிக் கொண்டு ஊற்றுங்கள். அரை மணி கழித்து இரண்டு வாளித் தண்ணீர்.

அலுமினியப் பாத்திரம் பக்கத்தில் இருக்கக் கூடாது. காஸ்டிக் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். காஸ்டிக் போட்ட குழாயில் பின்னால் ஆசிட் விடுவதும், ஆசிட் விட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடுவதும் ஆபத்து. முன்னது வெடித்துத் தெறிக்கும். பின்னது குளோரின் வாயு, மூடிய குளியலறையில் மூச்சை நிறுத்திவிடும்.

மெயின் லைன்

நிரம்பிய சேம்பரை மேலிருந்து குத்துவதைவிட, அதற்குக் கீழே காலியாக இருக்கும் சேம்பரிலிருந்து மேல்நோக்கிக் கம்பி விடுவது சுலபம். உடைந்ததும் தண்ணீர் மொத்தமாக வரும், அதனால் ஓரமாக நின்று விடுங்கள். 110 எம்எம் பைப்புக்கு 10 எம்எம் ஸ்பிரிங் கம்பி, பத்து மீட்டர் நீளத்தில் வாடகைக்குக் கிடைக்கும். வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே தள்ளுங்கள். தட்டிய இடத்தில் பலம் கொடுக்காதீர்கள், சுற்றுங்கள். ஒரு அடி பின்னால் இழுத்து மறுபடி விடுங்கள். மூங்கில் பட்டை நேர் லைனுக்கு இன்றும் நல்ல கருவிதான். வளைவுக்குள் ஒடிந்தால் அதுவே அடுத்த அடைப்பு.

புது வீட்டில் குடி வந்த முதல் மாதமே அடைத்தால் பெரும்பாலும் சிமெண்ட். டைல்ஸ் ஒட்டியவர் சட்டியைக் குளியலறையிலேயே கழுவியிருப்பார். இறுகியதைக் கரைக்க வழியில்லை. அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டும்.

ஒரே இடம் ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் அடைத்தால் சரிவைச் சந்தேகியுங்கள். நாற்பதுக்கு ஒன்று என்பது நல்ல சரிவு: மூன்று மீட்டர் பைப் ஏழரை சென்டிமீட்டர் இறங்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபால் இரண்டு சேம்பர்களின் அடிமட்டத்தையும் அளந்தால் தெரிந்துவிடும். பழைய தெருக்களில் ரோடு மேல் ரோடு போட்டு, தெருச் சாக்கடை வீட்டுச் சேம்பரைவிட உயர்ந்துவிட்ட இடங்கள் உண்டு. மழை நாளில் மட்டும் வீட்டுக்குள் பொங்கினால் இதுதான். அங்கே தேவை தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான் ரிட்டர்ன் வால்வும் லைனை உயர்த்துவதும். எத்தனை முறை சுத்தம் செய்தாலும் தண்ணீர் மேடு ஏறாது.

செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தால் லாரியைக் கூப்பிடுங்கள். யாரையும் உள்ளே இறக்காதீர்கள், நீங்களும் எட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆளைச் சாய்க்கும். காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்து விழுவார். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

ஏற்காட்டில் மாறுபவை

மலைமேல் சுமார் 1500 மீட்டர் உயரம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும்; கீழே சேலத்தில் பெரும்பாலான மாதங்கள் திரவமாக ஓடுவது, இங்கே குழாய்ச் சுவரில் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். நெய்யும் டால்டாவும் அப்படியே. மார்கழி, தை மாதங்களில் பாத்திரம் கழுவி முடித்ததும் அந்த 60 டிகிரித் தண்ணீர் ஒரு குடம் விடும் பழக்கம் இங்கே அவசியம். காபிச் சக்கையைச் சிங்க்கில் கொட்டவே கூடாது. எண்ணெயோடு சேர்ந்து தார் போட்ட மாதிரி ஆகிவிடும். ரோஜாச் செடிக்குப் போடுங்கள். வடித்த கஞ்சியும் அப்படித்தான்: சூடாக ஊற்றும்போது ஓடும், ஆறியதும் பசையாக இறுகும்.

சரிவு அதிகமுள்ள மனையில் அடைப்பு சரிவில் வருவதில்லை, சரிவு முடிந்து பைப் சமமாகத் திரும்பும் அடிவளைவில்தான் வரும். அந்த வளைவில் திறக்கக்கூடிய டோர் பெண்ட் இல்லையென்றால் முதல் வேலையாக அதைப் போடுங்கள். பழைய பங்களாக்களில் இருக்கும் மண்குழாய் லைனுக்கு எதிரி வேர். சில்வர் ஓக் வேர் ஜாயின்ட் வழியாக நூலாக நுழைந்து உள்ளே சடையாகப் பெருகும். கம்பி நுனியில் பொடிவேர் வந்தால், அறுத்து எடுப்பது ஒரு வருடத்துக்குத்தான் தாங்கும்; பிவிசியாக மாற்றுவதே தீர்வு.

மழைநீர்ப் பைப்பைக் கழிவு லைனில் சேர்த்திருந்தால் பிரித்துவிடுங்கள். ஏற்காட்டில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் பெய்யும். இலையும் மண்ணும் நேராகச் சேம்பருக்குள் போகும். மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் கூரைத் தாழ்வாரத்தைக் கூட்டி, பைப் வாயில் வலை இருக்கிறதா என்று பாருங்கள்.

கோடையில் மட்டும் வந்து தங்கும் வீடுகளைப் பூட்டும்போது ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு ஸ்பூன் கடலை எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் தண்ணீர் வற்றுவதைத் தள்ளிப்போடும். திரும்பி வரும்போது வீடு நாறாது. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், குளிரில் உறைந்து முதல் குளியலுக்கே தண்ணீரைத் தடுக்கும்.